நகர மண்டபத்தில் ஒரு நாற்காலி: கொழும்பு மாநகர சபை உறுப்பினர் என்னதான் செய்யலாம்?

கொழும்பில் ஒருவர் மாநகர சபைக்குத் தெரிவாகிவிட்டால் மறுநாளே வீட்டு வாசலில் ஆள் நிற்கத் தொடங்கும். பிள்ளைக்கு முதலாம் ஆண்டு அனுமதி வேண்டும். பொலிஸ் பிடித்துவைத்த த்ரீவீலரை எடுக்க வேண்டும். தண்ணீர் பில் ஏறிவிட்டது. மகனுக்கு ஒரு வேலை பார்த்துத் தர வேண்டும். மாடி வீட்டுத் தொகுதியிலிருந்து ஒருவர் வந்து, “அண்ணே, லிஃப்ட் மூணு நாளா வேல செய்யுதில்ல, நீங்கதான் பாக்கணும்” என்பார்.

இவற்றில் ஒன்றுகூட மாநகர சபையின் வேலை இல்லை. பாடசாலை கல்வி அமைச்சின் கீழோ மாகாணத்தின் கீழோ வரும். பொலிஸ் மத்திய அரசின் கையில். குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. மாடி வீடுகளில் பல நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டியவை. ஆனால் வந்தவரிடம் “இது எங்கள் சபைக்குள் வராது” என்று சொல்லி அனுப்ப எந்த உறுப்பினருக்கும் மனம் வராது. அடுத்த தேர்தல் இருக்கிறதே. அதனால் எல்லாவற்றுக்கும் “பார்ப்போம்” என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நம் உள்ளூராட்சியைக் கெடுத்ததில் இந்தப் “பார்ப்போம்” என்ற சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. செய்ய முடியாததற்கும் பார்ப்போம், செய்ய வேண்டியதற்கும் பார்ப்போம் என்றால், எதற்காக இவருக்கு வாக்குப் போட்டோம் என்பது வாக்காளருக்கும் மறந்துபோகிறது. கொஞ்ச நாளில் உறுப்பினருக்கும் மறந்துபோகிறது.

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி தொடங்கி பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரை, சபைக்குப் போனால் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயில் பரிபாலன சபையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் வேலை செய்து பழகியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், கணக்காளர் அலுவலகத்தில் இருக்கும் இளம் பெண்கள். இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். இது சம்பளத்துக்குப் பார்க்கும் உத்தியோகம் இல்லை. மாதக் கொடுப்பனவு ஒன்று உண்டு. அதை நம்பி கொழும்பில் குடும்பம் நடத்த முடியாது. உறுப்பினர் தன் தொழிலையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். ஆக, நடைமுறையில் இது சேவைதான். கொடுப்பனவே பிழைப்பாகிவிட்ட உறுப்பினர் வேறு வருமானம் தேடத் தொடங்குவார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கொழும்புக்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

117 பேரில் ஒருவர்

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. கண்டிக்கும் அப்போதுதான் மாநகர சபை கிடைத்தது. தொடக்க காலத்தில் வாக்குரிமை சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். தலைமையில் அரசாங்க அதிகாரி. புறக்கோட்டையில் இன்றும் நிற்கும் பழைய நகர மண்டபத்தில் இருந்த சபை, 1928இல் விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே உள்ள வெள்ளைக் கட்டடத்துக்கு வந்தது. 1937இல் முதன்முதலாகத் தெரிவு மூலம் மேயரானவர் ஒரு தமிழர், டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. (பொரளைப் பக்கத்து பி. சரா ஓவல் கிரிக்கெட் மைதானத்தின் பெயரில் இருப்பவர் அவருடைய தம்பி பாக்கியஜோதி.) இந்த நகரத்தின் சபையில் தமிழருக்கு இடம் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்றைய சபைக்கு அடிப்படை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். அதன்படி நிறைவேற்று அதிகாரம் மேயரிடம். நிர்வாகத்தை நடத்துவது மாநகர ஆணையாளர். அவர் அரச உத்தியோகத்தர், யாரும் அவருக்கு வாக்குப் போடுவதில்லை. அவருக்குக் கீழே பொறியியல், சுகாதாரம், வருமானம், திண்மக் கழிவு என்று திணைக்களங்கள். சாதாரண உறுப்பினருக்கு இந்த ஏணியில் படி கிடையாது. வேலைத்தல மேற்பார்வையாளரான ஓர் ஓவசியருக்குக்கூட அவர் சட்டப்படி நேரடிக் கட்டளை போட முடியாது. மேயரிடம் கேட்கலாம், ஆணையாளருக்கு எழுதலாம், சபையில் எழுந்து பேசலாம், குழுவில் கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் 2025 ஜூன் 16ஆம் திகதியை நினைத்துப் பார்க்க வேண்டும். மே 6இல் நடந்த தேர்தலில் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 கிடைத்தது. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. பாதிக்கு மேல் ஆசனம் எடுத்த கட்சி இருந்தால் அது மேயரின் பெயரைச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் கூடி வாக்களிக்க வேண்டும். உள்ளூராட்சி ஆணையாளர் தலைமையில் கூடிய சபை, இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்ற கணக்கில் விராய் கெலி பல்தசாரை மேயராக்கியது. நாலைந்து பேர் மறுபக்கம் போயிருந்தால் நகரத்துக்கு வேறு மேயர். சுயேச்சைக் குழுவில் ஒற்றை ஆசனத்தோடு வந்தவரின் தொலைபேசிகூட அந்த வாரம் ஓயாமல் அடித்திருக்கும்.

பெரும்பான்மை இல்லாத சபையில் இந்த நிலை மேயர் தெரிவோடு முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாதீடு வரும்போது அதே எண்ணிக்கைப் பிரச்சினை திரும்ப வருகிறது. உறுப்பினருக்கு உண்மையான அதிகாரம் கிடைப்பது அங்கேதான். அதைப் பின்னால் பார்ப்போம். (இந்தப் “பார்ப்போம்” நிஜமானது.)

ஒரு கான் அடைத்துக்கொண்டால்

ஒரு சாதாரண விடயத்தை எடுத்துக்கொள்வோம். வட கொழும்பில் ஓர் ஒழுங்கை. இரண்டு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர். கறுப்புத் தண்ணீர், மேலே பிளாஸ்டிக் போத்தல் மிதக்கிறது, கரையில் இருக்கும் வீடுகளில் சாமான்களை மேசைக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. மெம்பருக்கு அழைப்புப் போகிறது.

இப்போது அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே அவர் எப்படிப்பட்ட உறுப்பினர் என்று சொல்லிவிடலாம். ஒரு வகையினர் குடையோடு வந்து, தண்ணீரில் இறங்கி நின்று, படம் எடுத்து, முகநூலில் போடுவார்கள். இன்னொரு வகையினர் ஓவசியரைத் தனிப்பட்ட முறையில் பிடித்து, அன்றைக்கு மட்டும் கானைத் துப்புரவாக்க நாலு பேரை வரவழைப்பார்கள். ஒழுங்கை மக்கள் சந்தோஷப்படுவார்கள். அடுத்த மழைக்கு அதே கதைதான்.

மூன்றாவது வகையினர் குறைவு. அவர்கள் முதலில் கேட்பது: இது எந்தத் தண்ணீர்? மழைநீர்க் கானா, மலக்கழிவுக் குழாயா? கொழும்பு நகருக்குள் இரண்டும் பெரும்பாலும் மாநகர சபையின் பொறுப்புத்தான், ஆனால் பிரிவுகள் வேறு. நிலத்தடிக் கழிவுக் குழாய் வலையமைப்பு நூறு ஆண்டுக்கு மேல் பழையது. அதன் முடிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகும் இரண்டு பெரிய குழாய்கள். தமிழர் செறிந்து வாழும் இரண்டு அந்தங்களிலும்தான் நகரத்தின் கழிவு கடலைச் சேர்கிறது என்பதை நம்மவர்களே பலர் அறியமாட்டார்கள். மழைநீர் என்றால் அடுத்த கேள்வி: இந்தக் கான் எங்கே போய் விழுகிறது? பெரிய கால்வாய் ஒன்றில் விழுந்தால், அந்தக் கால்வாயைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். கால்வாய் நிரம்பி நின்றால் ஒழுங்கைக் கானை எத்தனை தரம் சுரண்டினாலும் தண்ணீர் போகாது. அப்புறம் மூன்றாவது கேள்வி: சமீபத்தில் யாராவது வீதியை வெட்டினார்களா? நீர் வழங்கல் சபையோ தொலைத்தொடர்புக் கம்பனியோ குழாய் போட வெட்டி, மண்ணை அரைகுறையாக மூடிவிட்டுப் போயிருந்தால், அந்த மண்தான் கானுக்குள் கிடக்கும். வீதி வெட்ட அனுமதி கொடுத்த கோப்பு மாநகர சபையில் இருக்கும். யார், எப்போது, எவ்வளவு தூரம் வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு எழுத்தில் ஒரு கடிதம். திகதி, ஒழுங்கையின் பெயர், எத்தனை வீடு, எந்தக் கானின் எந்த இடம். ஆணையாளருக்கும் பொறியியலாளருக்கும் ஒவ்வொரு பிரதி. பதில் வராவிட்டால் அதே விடயம் குழுவில் கேள்வியாகிறது. அங்கேயும் நழுவினால் மாதாந்தச் சபை அமர்வில் பிரேரணையாகிறது. அது பதிவேட்டில் ஏறுகிறது. இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கானை அகலமாக்க அடுத்த ஆண்டுப் பாதீட்டில் ஒரு வரி சேர்ந்தால், அந்த உறுப்பினர் தன் வேலையைச் செய்துவிட்டார் என்று அர்த்தம். முகநூலில் போட அதில் நல்ல படம் எதுவும் கிடைக்காது. அதனால்தான் இந்த வகையினர் குறைவு.

எது சபையுடையது என்ற பட்டியல் நீளமானதுதான். குப்பை, தெருவிளக்கு, உள் வீதிகள், சந்தைகள், விளையாட்டு மைதானங்கள், நூலகங்கள், தீயணைப்புப் படை, பொரளை கனத்தையும் மாதம்பிட்டியும் போன்ற மயானங்கள், இலவச மருந்தகங்கள், தாய் சேய் கிளினிக், டெங்குக் காலத்தில் வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ), ஹோட்டல் சமையலறைப் பரிசோதனை, கட்டட வரைபட அனுமதி, வியாபார உரிமம். ஒரு மனிதன் பிறந்து தடுப்பூசி போடுவதிலிருந்து எரிமேடை வரை இந்தச் சபையைத் தொடாமல் கொழும்பில் வாழ முடியாது. வாசலில் நிற்கும் ஆட்கள் கேட்பதெல்லாம் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பதுதான் வேடிக்கை.

லிஃப்ட் ஓடாத அந்த மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது அவர்களின் முகாமைத்துவக் குழுவும் வீடுகளைக் கட்டிய அதிகார சபையும் பேசித் தீர்க்க வேண்டியது. உறுப்பினர் செய்யக்கூடிய நல்ல காரியம், எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குக் கடிதம் போக வேண்டும் என்று சொல்லி, தமிழில் எழுத உதவி செய்து, பிரதி ஒன்றைத் தானும் வைத்துக்கொள்வது. “பார்ப்போம்” என்பதைவிட இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும்.

உள்ளே போகும் வழி

லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள், இங்கிலாந்தின் சிறிய ஊர்ச் சபைகளில் சம்பளம் இல்லாத உறுப்பினராக ஒருவர் தனியாகவே மனுப் போட்டு வந்துவிடலாம். போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் வாக்கெடுப்பே இல்லாமல் உட்காரலாம். இங்கே அது நடக்காது. நல்ல பெயர், ஒழுங்கை முழுக்க ஆதரவு, எல்லாம் இருந்தாலும் தனி ஆளாக உங்களால் வேட்புமனுத் தாக்கல் செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது முழு மாநகர சபைக்கும் பெயர் நிரப்பிய ஒரு சுயேச்சைக் குழுவில் இருக்க வேண்டும். கொழும்பு போன்ற பெரிய சபைக்கு நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் தேவை. கட்டுப்பணம் கட்சிக்கு ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக் குழுவுக்கு ஒருவருக்கு 5,000 ரூபா. கணக்குப் போட்டால் சுயேச்சையாக வருபவர்கள் ஒரு துண்டுப்பிரசுரம் அடிப்பதற்கு முன்பே ஐந்து இலட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். சுயேச்சை என்ற பெயரில் வரும் பல குழுக்களுக்குப் பின்னால் ஏதோவொரு கட்சியோ பணமோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு 2006ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. கொழும்பில் அதுவரை எப்போதும் பலமாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு அந்த முறை நிராகரிக்கப்பட்டது. கட்சி, மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவை ஆதரிக்கச் சொன்னது. மக்களும் கண்ணாடிக்குப் புள்ளடி போட்டார்கள். குழுவின் தலைவரான உவைஸ் முகமது இம்தியாஸ் மேயரானார். அவர் அதற்கு முன் த்ரீவீலர் ஓட்டியவர். இதைப் பகிடியாகச் சொல்லிச் சிரித்தவர்கள் அன்று நிறையப் பேர். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. த்ரீவீலர் ஓட்டியவரைவிட நகரத்தின் குழிகளை அறிந்தவர் யார்? பட்டியலை நிரப்ப மட்டும் பெயர் கொடுத்தவர்கள் உண்மையிலேயே சபையில் போய் உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பட்டது.

இன்றைய முறை 2018இல்தான் முதன்முதலில் பாவனைக்கு வந்தது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்து, 40 வீதம் மேலதிகப் பட்டியல் எனப்படும் விகிதாசாரப் பட்டியலிலிருந்து. வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்கு; விருப்பு இலக்கம் கிடையாது. வட்டாரத்தில் கூடுதல் வாக்கு எடுத்த தரப்பின் வேட்பாளர் நேரடியாகத் தெரிவாகிறார். பிறகு மொத்த வாக்கின்படி கட்சிக்கு வர வேண்டிய மீதி ஆசனங்களுக்கு யாரை அனுப்புவது என்பதைக் கட்சிச் செயலாளர் தீர்மானிக்கிறார். இந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசியுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது பெரிதாக உதவாது. வட்டாரத்தில் தோற்றவரையும் செயலாளர் அந்த ஆசனத்துக்கு அனுப்பலாம். தேர்தலுக்குப் பிறகு பல கட்சி அலுவலகங்களில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் சண்டை எல்லாம் இதற்குத்தான்.

பெண்களுக்கு 25 வீத இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். 2018க்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இருக்கவில்லை, அதன் பிறகு 20 வீதத்தைத் தாண்டியது. அது பெரிய மாற்றம்தான்; கொழும்பும் அந்த ஆண்டே ரோசி சேனாநாயக்கவோடு முதல் பெண் மேயரைப் பார்த்தது. ஆனால் சட்டத்தின் உள்விபரத்தைப் பாருங்கள்: வட்டார வேட்புமனுவில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம். பெண்களைப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டு வட்டாரங்களை ஆண்கள் வைத்துக்கொள்ள இது நல்ல வசதி. பட்டியலில் வந்த பெண் உறுப்பினரிடம் முதல் அமர்விலேயே “அக்கா எந்த வட்டாரம்?” என்று கேட்பார்கள். வட்டாரம் இல்லை என்றதும் வேலைப் பிரிவினையில் ஓரமாக்கிவிடுவார்கள். என்னிடம் யோசனை கேட்கும் அக்காவுக்கு நான் சொல்வது, வட்டாரத்துக்கே நில்லுங்கள், தோற்றாலும் பரவாயில்லை.

தகுதியில் சறுக்குபவர்களும் உண்டு. 18 வயதும் வாக்காளர் இடாப்பில் பெயரும் போதும் என்று நினைப்பார்கள். அந்தப் பெயர் இந்த மாநகர சபை எல்லைக்குள் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, வாடகை கட்டுப்படியாகாமல் வத்தளைக்குப் போய்ப் பதிந்தவர் கொழும்பு மாநகர சபைக்குப் போட்டியிட முடியாது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் தரிப்பிடம் தாண்டி தெஹிவளைக்குப் போனவரும் அப்படித்தான். அது வேறு மாநகர சபை. சபையோடு ஒப்பந்த வேலை வைத்திருப்பவர், அதன் பயனை மறைமுகமாக அனுபவிப்பவர் ஆகியோரும் தகுதியற்றவர்கள். இந்தக் கடைசி விதியை ஒழுங்காகப் பிரயோகித்தால் சில பட்டியல்கள் மெலிந்துபோகும்.

அப்புறம் கட்சிக் கயிறு. தெரிவான பிறகு கட்சி உங்களை உறுப்புரிமையிலிருந்து நீக்கினால் ஆசனமும் போகலாம். நீதிமன்றம் போகலாம்தான், அதற்கும் காசும் காலமும் வேண்டும். எனவே சபையில் எழும்பி மனதில் பட்டதைச் சொல்லும் உறுப்பினர் எப்போதும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்.

தமிழில் பேசலாமா?

பேசலாம். அரசியலமைப்பின் 20ஆவது உறுப்புரை, உள்ளூராட்சி சபை உறுப்பினர் தன் கடமைகளைச் சிங்களம், தமிழ் இரண்டில் எதிலும் செய்யலாம் என்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. கொழும்பில் வளர்ந்த தமிழர் பெரும்பாலும் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். அதனால் சபையிலும் சிங்களத்திலேயே பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். பேச்சு எந்த மொழியிலும் இருக்கட்டும். எழுத்தைத்தான் விடக்கூடாது. பிரேரணையைத் தமிழில் கொடுத்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று சொன்னால் அந்தக் குறை பதிவாக வேண்டும். பதிவானால்தான் அடுத்த பாதீட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஜிந்துப்பிட்டியில் இருக்கும் ஒரு பாட்டிக்குச் சிங்களத்தில் மட்டும் வரும் வரி அறிவித்தல், அப்படி நாலைந்து உறுப்பினர்கள் விடாமல் எழுதினால்தான் மாறும்.

காசு எங்கே போகிறது

மாநகர சபைக்கு மத்திய அரசும் மாகாணமும் கொடுப்பது ஒருபுறம், நகரம் தானே உழைப்பது மறுபுறம். கொழும்பு பணக்காரச் சபை; சொந்த வருமானத்தில் முதுகெலும்பு மதிப்பீட்டு வரி. வீட்டின், கடையின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து அதில் ஒரு குறிப்பிட்ட வீதம். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு என்பது நம்மவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் காசை அடுத்து என்ன செய்தார்கள் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

பாதீட்டுப் புத்தகம் தடிப்பானது, அலுப்பானது. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் சபையில் இருப்பது, மேடையில் முழங்கத் தெரிந்த பத்துப் பேர் இருப்பதைவிட மேல். பராமரிப்புக்கு எவ்வளவு, புதுக் கட்டடத்துக்கு எவ்வளவு? வடக்கு வட்டாரங்களின் கானுக்கு எவ்வளவு, தெற்கின் நடைபாதைக்கு எவ்வளவு? சென்ற ஆண்டு ஒதுக்கியதில் செலவாகாமல் கிடப்பது எவ்வளவு? கடைசிக் கேள்வி முக்கியம். பணம் இல்லை என்று சொல்லப்படும் பல வேலைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டு, கேள்வி மனு (டென்டர்) கோராமலே ஆண்டு முடிந்திருக்கும். பெரும்பான்மை இல்லாத சபையில் மேயர் தரப்புக்குப் பாதீட்டை நிறைவேற்ற ஒவ்வொரு வாக்கும் வேண்டும். அந்த நேரத்தில் சிலர் தமக்கு ஏதாவது கேட்பார்கள். தன் வட்டாரத்துக்கு மூன்று கான்களையும் ஒரு கிளினிக்கையும் பாதீட்டில் எழுதி வாங்குபவரும் பேரம் பேசுகிறவர்தான். அந்தப் பேரத்தை நான் தப்பென்று சொல்லமாட்டேன். அவரை அதற்காகத்தான் அனுப்பினோம்.

யாரும் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14 காட்டியது. சித்திரைப் புத்தாண்டு தினம். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்ததில் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர எல்லைக்குள் இல்லை, கொலன்னாவைப் பக்கம். ஆனால் அங்கே மலையாகக் குவிந்தது கொழும்பு மாநகரத்தின் குப்பை. அதற்கு முன் அதே குப்பை புளூமெண்டாலில் குவிந்திருந்தது, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருக்கியடித்து வாழும் இடத்தில். அங்கிருந்து கிளப்பி இங்கே கொட்டினார்கள். குப்பை லொறி நம் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் நம் பிரச்சினை தீர்ந்தது என்று நகரமும் நினைத்தது, சபையும் நினைத்தது. சரிவுக்குப் பிறகுதான் கெரவலப்பிட்டி, அருவாக்காலு என்று குப்பைக்கு வேறு இடங்களைப் பற்றி அவசர அவசரமாகப் பேச்சு எழுந்தது. மேடு உயர்ந்துகொண்டே போன ஆண்டுகள் பலவற்றில் சபை கூடத்தான் செய்தது.

சபையே இல்லாவிட்டால்? அதையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று நின்றது. அதே மாதம் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. 2025 ஜூனில் புதுச் சபை கூடும்வரை இரண்டு ஆண்டுக்கு மேல் கொழும்பை அதிகாரிகளே நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, விளக்கு எரிந்தது. “அரசியல்வாதி இல்லாததால் நிம்மதி” என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வட்டாரத்தில் ஒருவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்க ஒரு பெயர் இருக்கவில்லை. மேல் மாகாண சபையும் 2019இலிருந்து இல்லை. மக்கள் தெரிவுசெய்த சபை என்று மிஞ்சியிருந்தது நாடாளுமன்றம்தான்; ஒழுங்கைக் கானுக்காக யார் அங்கே போவது?

இப்போது தொடங்கலாம்

இந்தச் சபையின் காலம் நாலு ஆண்டு. அடுத்த வேட்புமனுவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆசை உள்ளவர் செய்ய வேண்டிய முதல் வேலைக்கு எந்தக் கட்சியும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாநகர சபைக்கும் பொருந்தும். உங்கள் ஒழுங்கைக்குக் கடந்த மூன்று ஆண்டில் என்ன ஒதுக்கினார்கள், எதை முடித்தார்கள் என்று தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பதில் வரும்வரை காத்திருப்பது, வராவிட்டால் மேன்முறையீடு செய்வது, வந்த பதிலை வாசித்துப் புரிந்துகொள்வது, பிறகு அதைப் பக்கத்து வீட்டாருக்கு விளக்குவது எல்லாம் உறுப்பினரின் அன்றாட வேலைதான். இதில் அலுப்புத் தட்டினால் தேர்தலில் நிற்காமல் இருப்பதே நல்லது, கட்டுப்பணமாவது மிச்சம்.

அலுப்புத் தட்டாதவர்களைத் தேடிக் கட்சிகள் எப்படியும் வரும். முக்கியமாகப் பெண்களையும் இளைஞர்களையும் தேடி வரும், பட்டியலுக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும். “சும்மா பெயர் மட்டும் தாங்க தங்கச்சி, மற்றதெல்லாம் நாங்க பாத்துக்கிறம்” என்று வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். தேநீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வட்டாரமா, மேலதிகப் பட்டியலா? பட்டியல் என்றால், ஆசனம் கிடைத்தால் யாருக்கு என்று இப்போதே எழுத்தில் தருவீர்களா? 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவுச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும், என் பெயரில் நீங்கள் செலவழிப்பதற்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? இரண்டாவது கேள்வியிலேயே தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பவர்களோடு மூன்றாவதைப் பேசி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.